அறைக்கொரு மொழி

கதவில் தபால் போடும் துவாரத்தின் மூடி மெல்லத் தூக்கிக்கொண்டது. அந்தப் பக்கம் யாரோ குனிந்திருந்தார்கள். யோர்டிஸ் மரினுக்கு ஒரு மீசையும் ஒரு வாயும் மட்டும் தெரிந்தன.

“உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?” என்று கேட்டது வாய்.

குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டடத்தைப் பராமரிக்கும் ரொய்னேதான். குழாய் ஒழுகினால் வருவான், படிக்கட்டு விளக்கு எரியாவிட்டால் வருவான். இன்றைக்கு இரண்டும் சரியாகவே இருந்தன.

“நான் ஒருத்திதான்” என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவள் நின்றுகொண்டிருந்தது வாசல் நடையில். வாசல் நடை போலிஷ் மொழிக்குச் சொந்தம். போட்ட விதியை மீறுகிற வழக்கம் யோர்டிஸுக்குக் கிடையாது. ஆகவே தான் தனியாகத்தான் வசிப்பதாகவும், விசாரித்ததற்கு நன்றி என்றும், மிகவும் மரியாதையாகப் போலிஷில் சொன்னாள்.

மீசை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

“ஸ்வீடிஷ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் கூப்பிடுங்களேன்” என்றது வாய்.

தெரிந்தவள் அவள்தான். ஆனால் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் வாசற்படியைத் தாண்ட வேண்டும். மூடி விழுந்தது. ரொய்னேயின் கனத்த செருப்புச் சத்தம் படிகளில் இறங்கிப் போய் ஓய்ந்தது.

யோர்டிஸைப் பைத்தியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரே நேரத்தில் நான்கு மொழிகளை, ஆசிரியர் இல்லாமல், புத்தகத்தையும் ஒலிப்பதிவையும் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஆரம்பத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாகிப் போயின. கிரேக்கத்தில் ஆரம்பித்த வாக்கியம் போர்த்துகீசியத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் சொந்தமாகப் படிக்கிறவர்கள் கூடும் ஒரு இணையதளத்தில் இந்த வழியைப் பிடித்தாள். அறைக்கு ஒரு மொழி. மொழிக்கு ஒரு ஆள். அந்த அறைக்குள் கால் வைத்தால் அந்த ஆளாகவே மாறிவிட வேண்டும்.

வாசல் நடையில் ஹலினா, போலந்துக்காரி. எதையும் கறாராகப் பேசுவாள். சமையலறையில் தெல்ஃபினா, போர்த்துகீசியக்காரி, ஊர் வம்பு அவளுக்கு வெல்லம். குளியலறையில் ஃபோட்டினி, கிரேக்கப் பெண். அவள் பேசுவதைவிடப் பாடுவதுதான் அதிகம். ஆளுக்கொரு காப்பிக் கோப்பை, ஆளுக்கொரு கம்பளிச் சட்டை. படுக்கையறை ருமேனிய மொழிக்கு. அங்கே இருப்பவளுக்கு மட்டும் ஏனோ பெயர் வைக்கத் தோன்றவில்லை. அந்த மொழி தானாகவே வந்தது, புத்தகத்தைத் திறக்கும் வேலைகூட அநேகமாக இல்லை.

ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. நான்கு மொழிக்கு அளந்து வைத்த மாதிரி சரியாக இருந்தது. ஸ்வீடிஷ் பேச வேண்டுமென்றால் வெளியே மாடிப்படி இருக்கிறது, கீழே பொதுச் சலவை அறை இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் பிறந்து வளர்ந்தவளுக்கு வீட்டுக்குள் எதற்கு ஸ்வீடிஷ் என்பது அவள் கட்சி.

எனவே ரொய்னேக்குப் பதில் சொல்லச் சலவை அறைக்குத்தான் போனாள். போகுமுன் கதவில் இருந்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து, படிக்கட்டில் ஈ காக்கை இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். இது அவளுடைய கிறுக்கு இல்லை, அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் படியில் இருந்தால் அவர் போகிற வரைக்கும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எதிரே பார்த்துவிட்டால் வணக்கம் சொல்ல வேண்டும், வணக்கம் சொன்னால் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும், அப்புறம் அது எங்கே போய் முடியுமோ. இந்தப் பழக்கத்தில் யோர்டிஸ் எல்லோரையும் மிஞ்சியவள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூடப் பார்த்தது கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சலவை இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு போன் செய்தாள்.

“ரொய்னே, நான் மரின் பேசறேன். வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன்.”

“அப்ப கதவுகிட்ட நின்னு பேசினது?”

“அதுவும் நான்தான்.”

“சரி. சமையலறையில கதை சொல்லிச் சிரிக்கிறது?”

“நான்தான்.”

“குளியலறையில பாடறது?”

“அதுவும்தான்.”

“எதிர்வீட்டு டாக்னியம்மா, ரெண்டு பொம்பளைங்க சண்டை போட்ட சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றாங்களே?”

யோர்டிஸ் யோசித்தாள். தெல்ஃபினா போட்ட காப்பி தண்ணீராக இருப்பதாக ஹலினா வாசல் நடையிலிருந்து குறை சொன்னது நினைவுக்கு வந்தது. நல்ல பயிற்சி அது.

“அது நானும் நானும்” என்றாள்.

ரொய்னே தொண்டையைச் செருமினான். “மரினம்மா, நான் நல்லதுக்குச் சொல்றேன். வீட்டுக்குச் சொந்தக்காரக் கம்பெனிக்குச் சொல்லாம உள்வாடகைக்கு ஆள் வெச்சா ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிடுவாங்க. நீங்க எங்க வேலை பாக்கறீங்க?”

“அலுவலகத்தில்.”

“எந்த அலுவலகம்?”

“பெரிய அலுவலகம். எனக்கு ஜன்னல் பக்கத்தில் மேசை. மேலாளர் பெயர் பூ. அவர் கனிவானவர்.”

“என்ன கம்பெனின்னு கேட்டேன்.”

வாயைத் திறந்தாள். கம்பெனியின் பெயர் நினைவுக்கு வரவில்லை. நான்கு மொழியைத் திணித்தால் மூளை என்னதான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுமுனையில் ரொய்னே, பெண்பிள்ளை மழுப்புகிறாள் என்று முடிவு கட்டிவிட்டான்.

“ஒண்ணு சொல்லணும். உங்க பேச்சு ரொம்பத் தெளிவா இருக்கு, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் மேல சொல்லித்தான் ஆகணும்” என்று வைத்துவிட்டான்.

அந்த ஊரில் சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? பெயரைப் பதிந்துவிட்டுத் தலை நரைக்கிற வரைக்கும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வீடு போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அண்ணன் உல்ஃபுக்குக் கடலோரத்தில் சிவப்புச் சாயம் அடித்த ஒரு மரவீடு உண்டு. கோடையில் அங்கே போய்க் காட்டில் பழம் பறித்திருக்கிறாள். ஆனால் உல்ஃபின் போன் எண் என்னவென்று தேடினால் எங்கேயும் அகப்படவில்லை.

சத்தம்தானே பிரச்சினை, சத்தத்தைக் குறைத்துவிடலாம் என்று அன்றிலிருந்து எல்லாப் பாடத்தையும் கிசுகிசுப்பாகப் படிக்க ஆரம்பித்தாள். ஹலினா கிசுகிசுத்தாள், தெல்ஃபினா கிசுகிசுத்தாள், ஃபோட்டினி தண்ணீரைத் திறந்துவிட்டு உதட்டுக்குள் பாடினாள்.

விளைவு மறுநாளே தெரிந்தது. சலவை அறையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“மரினம்மா, அங்க என்னதான் நடக்குது?” ரொய்னேயின் குரலிலேயே கிசுகிசுப்பு வந்திருந்தது. “டாக்னியம்மா நடுங்கிப் போயிருக்காங்க. முந்தி உங்க வீட்டுல சத்தமா பேசிட்டிருந்தாங்க, இப்ப பயந்து பயந்து பேசறாங்க, யாரையோ அடைச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்க.”

“நான் யாரையும் அடைத்து வைக்கவில்லை.”

“ராத்திரி அழுதாங்களாம் ஒருத்தங்க.”

“யார்?”

“அந்தப் படுக்கையறைப் பக்கம்.”

யோர்டிஸ் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவள் படுக்கையறையில் அழவில்லை. அழுகிற பாடம் எதுவும் அவளுக்கு இன்னும் வரவில்லை.

கிசுகிசுப்பும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். இனிமேல் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டியது, உதட்டை மட்டும் அசைக்க வேண்டியது. சத்தமே வராவிட்டால் டாக்னி எதைக் கேட்டுச் சொல்வாள்?

அன்று மாலை சமையலறையில் தெல்ஃபினாவின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஊமைப் படம் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு நறுக்கினாள். ஒலிப்பதிவில் இரு பாடங்களுக்கு நடுவே ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தில் படுக்கையறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ருமேனிய மொழி. நிதானமாக, அவசரமில்லாமல், யாரோ ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

ஒலிப்பதிவை அங்கே ஓடவிட்டு வந்துவிட்டேனா என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் குனிந்து பார்த்தாள். கருவி அவளுடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

கத்தியைக் கீழே வைத்தாள். குரல் தொடர்ந்தது. புரிந்தவரைக்கும், ஏதோ ஒரு துறைமுகத்தைப் பற்றியும், கப்பல் ஏறின ஒரு அம்மாவைப் பற்றியும் இருந்தது. பாதிக்கு மேல் அவளுக்குப் புரியவில்லை. அவள் இன்னும் கடைக்குப் போய்ப் பால் வாங்கும் பாடத்தில்தான் இருந்தாள். உள்ளே இருக்கிறவள் அவளைவிட எத்தனையோ பாடம் முன்னால் போய்விட்டாள். பயத்துக்கு நடுவிலேயும் யோர்டிஸுக்குச் சின்னதாகப் பொறாமை எட்டிப் பார்த்தது. சொந்தமாகப் படிக்கிறவர்களுக்கே உரிய நோய் அது.

“யாரங்கே?” என்றாள். சமையலறையில் நின்றதால் போர்த்துகீசியத்தில்தான் கேட்டாள்.

குரல் நின்றது. பிறகு, அதே குரல், அருமையான போர்த்துகீசியத்தில், “நீ பாட்டுக்குக் காய் நறுக்கு” என்றது.

யோர்டிஸ் போய்ப் பார்த்தபோது படுக்கையறையில் ஒருவரும் இல்லை. பெயர் இல்லாதவளின் கோப்பையில் மட்டும் காப்பி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அவள் காப்பி போட்டு நெடுநேரமாகியிருந்தது.

அவளுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. மொழி படிக்கிற ஆசையெல்லாம் அந்த நிமிஷத்தோடு விட்டுப்போயிற்று. இவர்கள் யாரும் வேண்டாம், வீடு தங்கினால் போதும். நான்கு கோப்பை, நான்கு கம்பளிச் சட்டை, புத்தகங்கள், எல்லாவற்றையும் அள்ளி ஒரு பெரிய மூட்டையாகக் கட்டினாள். கட்டும்போது ஃபோட்டினியின் நீலச் சட்டையின் கை ஈரமாக இருப்பதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி உள்ளே திணித்தாள். மூட்டை கனத்தது. படிக்கட்டு காலியானதும் படிப்படியாக இழுத்துக்கொண்டு போய் நிலவறையில் தன் பங்கு அடைப்புக்குள் போட்டுப் பூட்டினாள்.

எதிர்வீட்டுக் கண்ணாடித் துளைக்குப் பின்னால் டாக்னியின் கண் இருந்ததை அவள் எங்கே கண்டாள்.

“மரினம்மா,” மறுபடி சலவை அறையில் இருந்தபோது வந்த போனில் ரொய்னே பேச்சை இழுத்தான். “நிலவறைக்கு எதை இழுத்துட்டுப் போனீங்க?”

“துணிமணிகள்.”

“டாக்னியம்மா வேற மாதிரி சொல்றாங்க. ஆள் பாரம் இருந்துச்சாம். படிக்குப் படி ‘தொம் தொம்’னு விழுந்துச்சாம். அப்புறம் வீட்டுல பேச்சுச் சத்தமே இல்லையாம்.”

“கோப்பைகள் ரொய்னே, காப்பிக் கோப்பைகள்.”

“நாலு பேர் பேசிட்டிருந்த வீடு திடீர்னு அமைதியாயிட்டா நான் என்னம்மா நினைக்கிறது? கம்பெனியிலிருந்து யூரெல் மேடம் நேர்ல வர்றாங்க. செவ்வாய்க்கிழமை காலையில. எத்தனை பேர், யார் யார், எல்லாம் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. வீட்டுல இருங்க, கதவைத் தொறங்க, ஸ்வீடிஷ்ல பேசுங்க. இந்த மூணையும் பண்ணுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

மூன்றே காரியம். யோர்டிஸ் அதை மனப்பாடம் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வீட்டைக் கூட்டினாள். நான்கு பேரும் போனபின் வீடு வெறிச்சென்று இருந்தது. நடையில் நின்று, “வணக்கம், உள்ளே வாருங்கள், என் பெயர் யோர்டிஸ், நான் இங்கே தனியாக வசிக்கிறேன்” என்று சொல்லிப் பார்க்க நினைத்தாள். வாசல் நடையில் அவளுக்கு ஸ்வீடிஷ் வாயில் வர மறுத்தது. பழக்கதோஷம். சரி, கீழே போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். தவிர, அன்று காலை சலவை அறையில் அவளுடைய முறை. முறையைத் தவறவிட்டால் மறுபடி இடம் பிடிப்பதற்குள் உடுத்தத் துணி இருக்காது. அதற்காக வீட்டையே பணயம் வைப்பார்களா என்று கேட்கிறவர்கள் அந்த ஊரில் துணி துவைத்ததில்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். துணியைப் போட்டாள். இயந்திரம் சுழன்றது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். இங்கே மணிமணியாக வந்தது. இனி கவலை இல்லை. யூரெல் மேடம் வருவதற்கு இன்னும் அவகாசமும் இருந்தது.

கதவைத் திறக்கப் போனவள் நின்றாள்.

வெளியே, மாடிப்படியின் அடியில், டாக்னியும் மூன்றாம் மாடிக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இரண்டு பேர் படியில் நின்று பேசுவது அதிசயம். அன்றைக்கு வரப்போகும் விசாரணையை வேடிக்கை பார்க்கத்தான் நின்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

“நாலு பேரும் போலந்துக்காரங்களாம்.”

“இல்லீங்க, நாலும் நாலு நாடு. என் காதாலேயே கேட்டேன்.”

போய்விடுவார்கள் என்று யோர்டிஸ் கதவுக்குப் பின்னால் காத்திருந்தாள். போகவில்லை. வெளியே வந்து “கொஞ்சம் வழி விடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத் தொண்டையைத் தயார் செய்தாள், விட்டுவிட்டாள். மறுபடி தயார் செய்தாள். அதற்குள் தெருக்கதவு திறந்தது. ரொய்னேயின் கனத்த செருப்பும், கூடவே குதிகால் செருப்பு ஒன்றும் மேலே ஏறின. டாக்னியும் மூன்றாம் மாடிக்காரரும் நல்ல பிள்ளைகளாகப் பின்னாலேயே ஏறினார்கள்.

யோர்டிஸ் ஓடி வந்து முதல் படியில் கால் வைத்தாள். மேலே அவளுடைய வீட்டு மணி அடித்தது.

வீட்டில் யாரும் இல்லை. “ஓடிப் போயிட்டா” என்று முடிவு செய்வார்கள். எல்லாம் போயிற்று என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மேலே அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. உள்பக்கத்திலிருந்து.

“வாங்க, வாங்க,” என்றது ஒரு குரல். படுக்கையறைக் குரல். ஸ்வீடிஷில் பேசியது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுத்து வைத்தது. “செருப்பு... பரவால்ல. போட்டு வரலாம். காப்பி... இருக்கு. சூடு.”

கதவு சாத்திக்கொண்டது.

யோர்டிஸின் கால் அடுத்த படிக்கு ஏறவில்லை. மேலே போக வேண்டும், அது என் வீடு என்று கத்த வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கால் என்னவோ சலவை அறைக்குத்தான் திரும்பியது. கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள். இயந்திரம் சுற்றி முடித்துவிட்டு ஓய்ந்திருந்தது. உள்ளே துணியைப் பார்த்தாள். எல்லாம் அவள் துணிதான். ஆனால் எதையும் எப்போது வாங்கினோம் என்று நினைவுக்கு வரவில்லை.

வெகுநேரம் கழித்து ரொய்னேயும் யூரெல் மேடமும் இறங்கி வந்தார்கள். குதிகால் செருப்பு சலவை அறைக்கு வெளியிலேயே நின்றது.

“நல்ல மனுஷி” என்றாள் யூரெல். “இந்த ஊர்ல யார் இப்படி வான்னு கூப்பிட்டுக் காப்பி குடுக்கறா? நீயும் அந்த டாக்னியும் சேர்ந்து என்னை ஒரு வாரமாப் பயமுறுத்திட்டீங்க.”

“நான் என்ன மேடம் பண்றது, கேட்டதைச் சொன்னேன்.”

“எல்லா அறையையும் பாத்தாச்சு. ஒரே ஆள்தான். உள்வாடகை கிடையாது, ஒண்ணும் கிடையாது. இதோட இந்த விஷயத்தை மூடிடறேன். வீட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்ல.”

கதவுக்குப் பின்னால் யோர்டிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீடு தப்பித்துவிட்டது. மேலே இருக்கிறவள் யாராக இருந்தால் என்ன, காப்பாற்றிக் கொடுத்துவிட்டாளே. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

“ஒண்ணுதான் எனக்கு விளங்கல” என்றாள் யூரெல். “மரினுக்கு ஸ்வீடிஷ் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருது. அப்புறம் சலவை அறையிலிருந்து உனக்குப் போன் பண்ணி, ரேடியோ மாதிரி பேசினது யாரு?”

“நீங்க சமையலறையைப் பாத்துட்டு இருந்தப்போ அதைத்தான் மேடம் கேட்டேன்” என்றான் ரொய்னே. “சிரிச்சாங்க. அவங்க ருமேனியாக்காரங்க, இங்க வந்தப்புறம் மத்த மொழியெல்லாம் ஒரே சமயத்துல தானாவே படிக்கிறாங்களாம், மொழிக்கு ஒரு பொம்பளையைக் கற்பனை பண்ணி ஆளுக்கு ஒரு அறை குடுத்துடுவாங்களாம். ‘ஸ்வீடிஷ்காரிக்கு மட்டும் வீட்டுல இடம் பத்தல, அதனால படிக்கட்டுலயும் சலவை அறையிலயும் விட்டு வெச்சிருக்கேன், யோர்டிஸ்னு பேரு, பாவம் உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டாளா’ன்னு கேட்டாங்க.”